எல்லாருக்கும் ஒரே நிபந்தனை

மார்ச் 4

கனகசபாபதி எனக்கு உரிமம் தரப் போகிறாராம். நான் எழுதிய விதிக்கு, எனக்கே.

காலையில் கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு, அவருடைய நவகிரி எனர்ஜி கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். உரிம ஒப்பந்தம் என்று ஒரு கத்தையை மேஜைமேல் வைத்தார். போகும்போது டீ வேறு குடித்துவிட்டுப் போனார். கொடுத்த நானும் ஒரு முட்டாள்.

இதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது. நான் மின் ஆட்டோக்களுக்கு சார்ஜர் செய்கிறவள். எந்தக் கம்பெனி பேட்டரியும் எந்தக் கம்பெனி சார்ஜரிலும் ஏற வேண்டுமென்றால், இரண்டும் முதலில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது முறை வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோட்டுத் தயாரிப்பாளர்கள் எல்லாம் ஒரு தரக்குழுவாக உட்கார்ந்து அந்த முறையை எழுதினோம். தலைவர் இதே கனகசபாபதி. பாதிக்கு மேல் எழுதியவள் நான். சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குக் கூட்டம் போண்டா உண்டு. எழுதி முடித்ததற்குத் 'திறந்த தரவிதி' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டோம். கை தட்டினோம்.

அதில் ஒரு பிரிவு, சார்ஜரில் மாட்டியதும் பேட்டரிதான் முதலில் பேச வேண்டும் என்பது. சொன்னவர் சபாபதி. "ஊட்டுக்கு வந்த விருந்தாளிதானுங்க மொதல்ல தன்ற பேரச் சொல்லோணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் தட்டச்சு செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்பே அவர் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். இப்போது கிடைத்துவிட்டது.

ஆக, விதியைப் படிக்கலாம். அதன்படி சார்ஜர் செய்ய வேண்டுமென்றால் அவரிடம் கையெழுத்துப் போட வேண்டும். சமையல் குறிப்பை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க மட்டும் என் அனுமதி வேண்டும் என்பதுபோல. நிபந்தனைகளில் ஒன்று: ஒவ்வொரு சார்ஜரின் முகப்பிலும் 'நவகிரி அனுமதியுடன்' என்று அவர்கள் தரும் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

போன் போட்டேன்.

"என்ன சார் இது? திறந்த விதின்னுதானே பேரு வெச்சோம்?"

"தொறந்ததுதானுங்க அம்மிணி. நாங்க எதையாச்சும் மறைச்சு வெச்சிருக்கறமா? யாரு வந்து கேட்டாலும் லைசென்ஸ் குடுக்கறோம். ஒருத்தருக்கும் இல்லீன்னு சொல்றதில்ல. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை. இதவிட எப்படீங்க தொறக்கறது?"

எனக்கு நாற்பத்தேழு வயது. அவர் வாயில் அம்மிணி என்று கேட்பது எப்போதுமே பிடிக்காது. இன்று அந்தக் குரலை என்ன செய்தால் தகும் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. மாவு பாதியில் நிற்கிறது.

மார்ச் 5

அந்த ஆளை விடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பல்லடத்திலிருந்து அரசு வந்திருந்தான். திருநாவுக்கரசு என்று முழுப்பெயர் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அவனும் சிறிய அளவில் சார்ஜர் செய்கிறவன். குழுவில் என் பக்கத்து நாற்காலி. என்னைவிடப் பத்து வயது இளையவன், கூடப்பிறந்த தம்பி இருந்திருந்தால் இவ்வளவு பேசியிருப்பேனா தெரியாது.

அவனுக்கும் சபாபதியின் கத்தை வந்திருக்கிறது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

"நான் கையெழுத்துப் போடறதா இல்லீங்க்கா. வழக்குப் போட்டா போட்டுக்கட்டும்."

முன்பு ஒரு பெரிய கம்பெனிக்கு மட்டுமே செய்து தருவதாக எதையோ படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அவர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். வேறு யாருக்கும் செய்து கொடுக்க முடியாமல், ஓடக்கூடிய மெஷின்களுக்குத் துணி போர்த்திவிட்டு ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அப்போது பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தினாள், இன்னும் போகிறாள். யாருடைய அனுமதியும் இல்லாமல் செய்யலாம் என்பதால்தான் எங்கள் குழுவுக்கே வந்தான்.

என் கணவர் லோகநாதன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "தெருக்குழாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு, கேக்கறவங்களுக்கெல்லாம் சாவி தரேன்னா அது தெருக்குழாயா இல்லையா?" என்றார்.

"சாவி வெச்சிருக்கறவன் ஊட்டுக் குழாயுங்க அது" என்றான் அரசு.

"சாவிக்குக் காசே வாங்கலைன்னா?"

"வாங்காட்டியும். நாளைக்கு அவனுக்குக் கோவம் வந்தா?"

மத்தியானம் கொள்ளுப்பருப்பும் ரசமும். அரசு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மார்ச் 12

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடாவிட்டால் பட்டறையை மூட வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களிடம் போய்ச் சுயமரியாதை பற்றிப் பேச முடியுமா?

ஸ்டிக்கர் ரோல் ரோலாக வந்து இறங்கியது. முதல் ஸ்டிக்கரை வேண்டுமென்றே கோணலாக ஒட்டினேன். பட்டறையில் யாரோ அதை எடுத்து நேராக ஒட்டி வைத்திருந்தார்கள். எரிந்து விழுந்தேன்.

மார்ச் 19

கணபதியில் இன்று கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதில் ஒன்று தெளிவாகிவிட்டது.

பாதி சார்ஜில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எங்கள் விதிப்படி சார்ஜர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பேட்டரி சூடாகிறது. கோடையில் உப்பிப்போகிறது. ஊரெல்லாம் புகார். விதியின் இரண்டாம் பதிப்பில் இதைச் சரிசெய்தாக வேண்டும், குழுவில் யாரிடமும் வழி இல்லை.

என்னிடம் இருக்கிறது. படித்த புத்தகத்தில் பக்கத்தை மடித்து வைப்பதுபோல, பேட்டரி எந்த இடத்தில் நின்றது, அப்போது என்ன சூடு என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் அங்கிருந்து தொடரும். பட்டறையில் ரொம்ப நாளாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு பேட்டரிகூட உப்பவில்லை.

இதைக் குழுவில் சொன்னால் சபாபதி உள்பட எல்லாரும் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மார்ச் 21

கோவை எக்ஸ்பிரஸில் சென்னை போய் வந்தேன். வேலை விஷயமாக ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தது.

"எதுக்கு வக்கீல்?" என்றார் லோகநாதன்.

"சொத்து விஷயம்."

"நமக்கு எங்க இருக்கு சொத்து?"

"இனிமேல் இருக்கும்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவர் குணம். சில நாள் அது வசதியாகவும் இருக்கிறது. திரும்பும் வழியில் அவருக்குப் பிடிக்குமே என்று அரக்கோணத்தில் கொய்யாப்பழம் வாங்கினேன்.

ஏப்ரல் 10

பீளமேட்டுக் கல்லூரி அரங்கில் தரக்குழுக் கூட்டம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கியதும் தலைவர் எழுந்து ஒரு பத்தியைப் படிப்பார். இன்று பேசப்போகும் எதிலாவது யாருக்காவது காப்புரிமை இருக்கிறதா, விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா, தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்கும் பத்தி. படித்துவிட்டுச் சற்று நேரம் நிற்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மௌன அஞ்சலி. யாரும் எதுவும் சொல்லவில்லை என்று குறிப்பில் ஏறும். சபாபதி இதைப் படித்துவிட்டு, தானே மௌனமாக நின்றுதான் எங்களை ஏமாற்றினார்.

இன்றும் அவர்தான் படித்தார். வெள்ளைச் சட்டை, கையில் மோதிரம். படித்துவிட்டு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நானும் அவரை நேராகப் பார்த்தேன்.

"யாருக்குங்க இன்னைக்கு அஞ்சலி?" என்று அரசு என் காதில் கிசுகிசுத்தான்.

நான் சிரித்தேன். போண்டா வந்தது.

பிறகு என் முறையை விளக்கினேன். பலகையில் படம் போட்டேன். அரங்கமே அசந்துபோய்விட்டது. "அம்மிணிக்கு மூளையப் பாருங்க" என்று சபாபதி முதல் ஆளாகக் கை தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பதிப்பில் இது கட்டாயப் பிரிவு என்று ஒருமனதாக முடிவானது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அரசு பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இதுல வேற யாரு கையும் இல்லியே? நம்பி எறங்கலாமா? வரைவ வெச்சே வேலையத் தொடங்கீரலாம்னு பாக்கறேன்."

"முழுக்க நான் எழுதினதுதான் அரசு."

"அது போதுமுங்க்கா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

சொன்னது உண்மைதான். முழுக்க நான்தான் எழுதினேன்.

ஏப்ரல் 11

நன்றாகத் தூங்கினேன். கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டியைக் கழுவ ஆள் சொல்ல வேண்டும்.

மே 17

வக்கீல் பேசினார். பெண் விண்ணப்பதாரர் என்பதால் என் காப்புரிமையை விரைவாகப் பரிசீலிப்பார்களாம். பெண்ணாகப் பிறந்ததற்கு இந்த நாட்டில் ஒரு சலுகையாவது இருக்கிறதே.

ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பதிப்பு வெளியாகட்டும். அதுவரை வாயைத் திறப்பதில்லை, திறந்தால் சபாபதி குழுவைக் கூட்டி வேறு வழி தேடிவிடுவார். வெளியான மறுநாள் அவருக்கு மட்டும் ஒரு கத்தை போகும். நம் சின்னவர்களை நான் தொடப்போவதில்லை. அவருக்கு மட்டும் ஸ்டிக்கர். என் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போடலாம் என்று யோசிப்பதே இந்த வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஜூன் 29

அரசு வீட்டுக்கு வந்தான், கை நிறைய முருங்கைக்காயோடு. என் முறையை வைத்து சார்ஜர் செய்துவிட்டான். நடுவில் மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டும் வீடியோவை எங்கள் இருவருக்கும் திரும்பத் திரும்பக் காட்டினான். திருப்பூரில் மின் ஆட்டோ ஓட்டும் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் அவனிடம் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறது. தரக்குழுவின் முத்திரை மட்டும் வேண்டுமாம். அந்தத் தைரியத்தில் புது மெஷின் போட்டிருக்கிறான். மனைவியையும் பனியன் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டான்.

"அக்கா இருக்கறப்ப எனக்கு என்னுங்க?" என்று லோகநாதனிடம் சொன்னான்.

அவன் போனபிறகு லோகநாதன், "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"எதை?"

"அந்தச் சொத்து விஷயத்தை."

முருங்கைக்காய் நல்ல சதைப்பற்று. சாம்பார் வைத்தேன்.

ஆகஸ்ட் 22

இரண்டாம் பதிப்பு நேற்று வெளியானது. காப்புரிமை போன வாரமே கைக்கு வந்துவிட்டது. காலையில் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு, சபாபதிக்கு என் ஆளை அனுப்பினேன். அவர் ஆளுக்கு நான் டீ கொடுத்தேன் அல்லவா? என் ஆளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். அதைக் கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, தீபாவளிக்குக்கூட வந்ததில்லை.

போன் அடித்தது. அடிக்க விட்டேன். மறுபடி அடித்தது. வெண்டைக்காயை நறுக்கி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"அம்மிணி, இது நல்லால்லீங்க. மீட்டிங்குல கேட்டமே, அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா சார்? அந்தப் பத்தியை நீங்க சும்மா வாய்ப்பாடாத்தான் படிப்பீங்கன்னு நினைச்சேன்."

ஆளும் கம்பெனியும் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துபோனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

ஆகஸ்ட் 25

ஒரு சிக்கல்.

குழுவின் நடைமுறை விதிகளில் இருக்கிறது: தரவிதிக்குள் காப்புரிமை உள்ளவர், எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில்தான் உரிமம் தர வேண்டும். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறு என்று தரக் கூடாது. சபாபதியின் வக்கீல் இதை அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். அவருக்கு மட்டும் ஸ்டிக்கர் என்றால் செல்லாது. அரசுக்கு இலவசமாகக் கொடுத்தால் அவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

இந்த நடைமுறை விதிகளையும் தட்டச்சு செய்தவள் நான்தான். வேறொரு குழுவின் விதிகளைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தேன். எங்கள் குழுவில் அந்தப் பக்கங்களை யாருமே படித்ததில்லை. படித்ததில்லை என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

செப்டம்பர் 1

சபாபதியே பட்டறைக்கு வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா. கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன், சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல வந்து உட்கார்ந்தார்.

"நமக்குள்ள எதுக்குங்க அம்மிணி சண்டை? உங்களோடது எனக்கு, என்னோடது உங்களுக்கு. ஸ்டிக்கரத் தூக்கிப் போடுங்க. மத்தவங்ககிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து காசு வாங்கிக்கலாம்."

"மத்தவங்கன்னா?"

"அதுதான், சின்னச் சின்னவங்க. பல்லடம், அவினாசின்னு இருக்கறாங்கல்ல." பிறகு சிரித்தார். "அன்னைக்கு நான் அந்தப் பத்தியப் படிச்சப்ப என்ற மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க பாருங்க. அதுக்கு ஒரு தெகிரியம் வேணும். மொதல் தடவ நான் தலையக் குனிஞ்சுட்டுத்தான் நின்னேன். நீங்க குனியவே இல்லீங்க."

டப்பாவோடு வெளியே அனுப்பினேன். அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்கச் சொன்னேன். பட்டறைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 3

கிடைத்துவிட்டது!

எல்லாருக்கும் ஒரே நிபந்தனைதானே? ஆகட்டும். என் உரிமத்துக்குக் காசு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: இதில் கையெழுத்துப் போடுகிறவர், இந்தத் தரவிதிக்குள் இருக்கும் தன்னுடைய எந்தக் காப்புரிமைக்கும் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. எப்போதுமே.

அரசு போன்றவர்களுக்குக் காப்புரிமையே இல்லை. அவர்கள் இழக்க ஒன்றுமில்லை. சபாபதிக்கு இருப்பது அது ஒன்றுதான், அதுதான் போகும். கையெழுத்துப் போடாவிட்டால் அவரால் இரண்டாம் பதிப்புப்படி ஒரு சார்ஜர்கூடச் செய்ய முடியாது.

எழுதி முடித்துவிட்டு நானே பட்டறைக்கெல்லாம் கேசரி கிண்டினேன். முந்திரி தாராளம்.

செப்டம்பர் 18

போட்டுவிட்டார்.

தீபாவளி ஆர்டர் அவர் கழுத்தை நெரிக்கிறது, வேறு வழியில்லை. பட்டறைக்கு வரச் சொன்னேன். வந்ததும் உடனே கூப்பிடவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிறகு கையெழுத்து. அது முடிந்ததும் என் சார்ஜர் ஒன்றை அவர் முன்னால் வைத்து, "ஸ்டிக்கரை எடுங்க சார்" என்றேன்.

"நானுங்களா?"

"உங்க ஸ்டிக்கர்தானே."

நகத்தால் சுரண்டினார். ஓரம் மட்டும் கிழிந்து வந்தது. மறுபடி சுரண்டினார். மோதிரம் தகரத்தில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. வேலை செய்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பசை போகவே இல்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பொய் எதற்கு, இன்னும் பத்து சார்ஜர் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

செப்டம்பர் 22

குழு கூடி என்னைத் தலைவராக்கிவிட்டது. மாலை போட்டார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர், எங்களையெல்லாம் காப்பாற்றிவிட்டீர்கள் என்று கண் கலங்கினார். கூட்டம் முடிவதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அரசு மட்டும் வரவில்லை.

செப்டம்பர் 24

பல்லடம் போனேன். அரசு பட்டறையில் இருந்தான். அவன் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எப்பங்க்கா அப்ளை பண்ணுனீங்க?"

"மார்ச்ல."

"மீட்டிங்கு ஏப்ரல்ல."

"ஆமா."

"அப்ப வண்டிகிட்ட நின்னு நான் கேட்டப்ப..."

"முழுக்க நான் எழுதினதுன்னு சொன்னேன். பொய்யில்லையே."

"பொய்யில்லீங்க" என்றான். அதற்குப்பிறகு மெஷினில் எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

இது உனக்குப் பூட்டு இல்லை, அந்த ஆளுக்குப் போட்ட பூட்டு, வெறும் காகிதம், ஒரு கையெழுத்து, காசுகூட இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப பேட்டன்டக் கைவிட்டுருங்க்கா. யாரும் செய்யலாம், யாரும் கேக்கோண்டியதில்லைன்னு எழுதிக் குடுத்துருங்க. நான் நாளைக்கே வந்து நிக்கறேன்."

"கைவிட்டா சபாபதி போட்ட கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை அரசு. மறுநாளே ஸ்டிக்கரைத் தூக்கிட்டு வருவார்."

"அவரக் கட்டி வெக்கறதுக்கு எங்க எல்லாரையும் சேத்துக் கட்டறீங்க."

"நான் உன்னை என்ன செஞ்சுடப்போறேன்?"

"தெரியலீங்க்கா. ஏப்ரல்ல கேட்டிருந்தீங்கன்னா, அக்கா ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

மோர் நன்றாக இருந்தது. மல்லித்தழை போட்டிருந்தாள்.

அக்டோபர் 2

சபாபதியிடம் வெறுமனே பேச்சுவாக்கில் கேட்டேன். ஒரே ஒருவருக்குக் கையெழுத்து இல்லாமல் கொடுத்தால் என்ன என்று.

"தாராளமாக் குடுங்க அம்மிணி. அப்பறம் எனக்கும் கையெழுத்து இல்லாம குடுக்கோணும். நீங்க டைப் பண்ணுன விதிதானுங்களே."

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. கைவிடுவது பற்றி ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பது உண்மை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அந்த யோசனை போய்விட்டது. அரசுதான் பிடிவாதக்காரன். ஒரு கையெழுத்து. அவன் மனைவியை நினைத்தாவது போடலாம்.

லோகநாதன் இப்போதெல்லாம் பாடம் நடத்துவதில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். நல்லதுதான், வீடு அமைதியாக இருக்கிறது.

அக்டோபர் 14

முத்திரைக்கான சோதனை நாள். கல்லூரி ஆய்வுக்கூடம். தலைவர் என்ற முறையில் நான் சோதிக்க வேண்டும், இன்னொரு தயாரிப்பாளர் உடன் இருந்து சரிபார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சபாபதி பெயர் வந்தது.

அரசுடையதுதான் கடைசி மேஜை. அவனே சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்தான். இணைப்பு கச்சிதம். பேட்டரி பேசியது, சார்ஜர் கேட்டது. மின்னழுத்தம், மின்னோட்டம், சூடு எல்லாம் சரி. இன்று வந்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். என் பட்டறைச் சார்ஜரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு நான் மெயினை அணைத்தேன். சற்றுப் பொறுத்துப் போட்டேன்.

சார்ஜர் முதலிலிருந்து தொடங்கியது. என் பகுதியை அவன் முழுக்கக் கழற்றி எடுத்திருந்தான். ஜூன் மாதம் என் வீட்டுக் கூடத்தில் அத்தனை தடவை வீடியோவில் ஓடவிட்டுக் காட்டிய அதே சார்ஜர்.

"அரசு, அது உன்கிட்ட இருக்குதானே? மறுபடி போட்டுட்டு வா. நான் காத்திருக்கேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இங்கேயே இருக்கு."

"வேண்டாமுங்க. விதியில என்ன இருக்குதோ அதும்படி எழுதுங்க."

சபாபதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திருப்பூர்ச் சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் காக்கிச் சட்டையோடு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆயிற்றா, வண்டிக்கு நேரமாகிறது என்று ஒருத்தி கேட்டாள்.

எழுதினேன். தேறவில்லை. காரணம் என்ற இடத்தில், கட்டாயப் பிரிவு நிறைவேறவில்லை என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

அரசு வயரைச் சுற்றிக் கட்டி, சார்ஜரைத் துணிப்பையில் வைத்தான். அந்தப் பெண்களிடம் போய் ஏதோ சொன்னான். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சரிபார்த்தவர் கையெழுத்து வேண்டும் என்று சபாபதியைக் கூப்பிட்டேன். அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.